வெறுந்தலை

கண்டக்குழி
12 செப்டெம்பர் 2024

மகன் இப்ஹாமுக்கு உன் வாப்பும்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இருக்கிறேன். சீனி வருத்தம் அதன் பாட்டில் இருக்கிறது, முழங்கால் அதன் பாட்டில் இருக்கிறது. உன் உம்மா கமீலாவுக்குத் தடிமன் வந்து போனது. உன் உடம்பு எப்படி? சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா? அந்த ஊர் வெயிலில் ஏசி திருத்தப் போகும்போது தண்ணீர் எடுத்துப் போகிறாயா?

போன் இருக்க ஏன் கடதாசி என்று கேட்பாய். காது போன பிறகு போனில் கதைப்பது எனக்குக் கிணற்றுக்குள் கதைப்பது போலத்தான். நான் கத்துவது அடுத்த வளவு வரைக்கும் கேட்கிறது, நீ சொல்வது எனக்குக் கேட்பதில்லை. முன்பு உன் முகத்தையாவது அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நீ முகம் காட்டுவதில்லை. கமெரா பழுது என்று உம்மாவிடம் சொன்னாயாம். சரி. மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள்தான் நான். ஆனால் உன் வாப்பாவின் வாப்பா குவைத்தில் இருந்த காலத்தில் அவருக்கு எழுதி எழுதியே எழுத்துப் பழகியவள். இந்தக் கை இன்னும் மறக்கவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தலையில் வெள்ளைத் தொப்பி. மாஷா அல்லாஹ். போன மாதத்துப் படத்திலும் தொப்பி, அதற்கு முந்தினதிலும் தொப்பி. ரிஃபாஸ் மௌலவிக்குக் காட்டினேன். "வெளிநாட்டுக்குப் போற பொடியன்மார் கெட்டுப் போறாங்க. இவன் தொப்பியக் கழட்டாம இருக்கான் பாருங்க" என்று நாலு பேர் இருக்கும்போது சொன்னார். அந்த நாலு பேரில் கமறியாவும் ஒருத்தி. அவள் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

தன் மகள் பஹ்மாவுக்கு உன்னைப் பார்க்க வந்தவள் அல்லவா. மயில்கழுத்து நிறச் சாரி, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. எங்கள் வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றாள். அடுத்த நாள் உன் வழுக்கையைப் பற்றி ஆள் அனுப்பிச் சொன்னது என்ன? "மாப்புள்ளக்கித் தல வெளிச்சிட்டு. புள்ளைக்குப் பக்கத்துல நிண்டா வாப்பா மாதிரி இருப்பார்." பஹ்மா வேறு ஒருவனைக் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டாள். நான் மறக்கவில்லை.

இப்போது காரியம். அடுத்த வருடம் ஹஜ்ஜுக் காலம் முடிந்ததும் மௌலவி உம்றாவுக்கென்று மக்காவுக்கு ஒரு கூட்டம் கொண்டு போகிறார். உன் வாப்பா மவுத்தான வீட்டில் வைத்து நீ எனக்கு வாக்குக் கொடுத்தாய். பச்சைக் கதிரையில் இருந்தாய், மழை தூறிக்கொண்டிருந்தது. "வாப்பா கூட்டிப் போக இருந்தார். நான் கூட்டிப் போறேன் வாப்பும்மா" என்றாய். இந்தக் காலத்தில் பெண்கள் கூட்டத்தோடு தனியாகவும் போகலாமாம். நான் போகமாட்டேன். மகன் இல்லாதவளுக்குப் பேரன்தான் துணை.

உன் கூட்டாளி றிஸ்மின் லீவு முடிந்து நாளைக்குக் கட்டார் வருகிறான். அவன் கையில் இதையும் கட்டாக் கருவாடும் கொடுக்கிறேன். ஐந்து நேரமும் உனக்கு துஆ கேட்கிறேன்.

உன் வாப்பும்மா

&nbsp;

தோஹா
10 ஒக்டோபர் 2024

அன்புள்ள வாப்பும்மாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நான் நல்ல சுகம். நீங்களும் உம்மாவும் சுகமாக இருப்பதற்கு அல்லாஹ்வைப் புகழ்கிறேன். கருவாடு கிடைத்தது. அறையில் பொரித்தோம், பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், பிறகு அவர்களும் சாப்பிட்டார்கள்.

தொப்பி போடுவது வெயிலுக்காகவும்தான். ஊரில் பெரிதாகச் சொல்லித் திரிய வேண்டாம்.

உம்றா பற்றி யோசிக்கலாம். இங்கே லீவு எடுப்பது கஷ்டம். காலம் இருக்கிறதுதானே.

ஒரு சின்ன உதவி. தலைக்குத் தேய்க்க நீங்கள் காய்ச்சும் கருஞ்சீரக எண்ணெயில் ஒரு போத்தல் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எனக்கில்லை, ஒரு கூட்டாளிக்கு. மருந்துகளைத் தவறாமல் எடுங்கள்.

உங்கள்
இப்ஹாம்

&nbsp;

கண்டக்குழி
2 நவெம்பர் 2024

மகன் இப்ஹாமுக்கு ஸலாம்.

உன் கடதாசியில் நீ சுகம் என்று படித்து மனம் ஆறுதல். இங்கே மழை தொடங்கிவிட்டது. காற்றுக்காலம் முடிந்து, கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வெள்ளைக்காரர்களும் போய்விட்டார்கள். உம்மா சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டேன். அந்தக் கூட்டாளிக்குச் சொல்லு, வெள்ளிக்கிழமை தேய்த்துக் குளிக்கச் சொல்லு. மயிர் கொட்டுகிறவனுக்கு இது நல்லது. செத்த வேருக்கு ஒன்றும் செய்யாது.

இனி நான் எழுதப்போவதைக் கவனமாகப் படி. புத்தளத்துப் பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்குக் காட்டினேன். வலது கண் போனது உனக்குத் தெரியும். இடது கண்ணுக்கும் சீனி ஏறிவிட்டதாம். அந்த டொக்டர் பிள்ளை சிங்களத்தில் சொன்னதை உம்மா தமிழில் மெல்லச் சொன்னாள், பயப்பட வேண்டாம் என்று. மெல்லச் சொன்னால் எனக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டாள் போல. திரும்பக் கேட்டேன். போகப் போகப் பார்வை குறையும், நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும் என்றாளாம்.

ஆகவே "காலம் இருக்கிறதுதானே" என்று எனக்கு எழுதாதே. உனக்கு இருக்கிறது. நான் கஃபாவை ஒரு கண்ணாலாவது பார்க்க வேண்டும். கையால் தடவிப் பார்த்தது போதும் என்று மவுத்தாக எனக்கு விருப்பமில்லை.

மௌலவியிடம் உன் பெயரையும் என் பெயரையும் கொடுத்துவிட்டேன். கமறியாவும் பெயர் கொடுத்திருக்கிறாள். கொடுக்கட்டும். என் பேரனோடு நான் போவதை அவள் பார்க்கட்டும். நீ ஊருக்கு வரும்போது பள்ளிவாசலில் உன்னைப் பயான் சொல்ல வைக்க வேண்டும் என்றும் ஒரு கதை நடக்கிறது. ஏதாவது நாலு ஹதீஸ் பாடமாக்கி வை.

பதில் எழுது.

உன் வாப்பும்மா

&nbsp;

தோஹா
9 ஜனவரி 2025

அன்புள்ள வாப்பும்மா, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதச் சுணங்கியதற்கு மன்னியுங்கள். நான் நலம். உங்கள் கண்ணைப் பற்றி உம்மா போனில் விவரமாகச் சொன்னா. சீனிக்கு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் வந்து சேர்ந்தது.

உம்றாவுக்கு என்னால் வர முடியாது. லீவு பிரச்சினை மட்டும் இல்லை. காரணம் கேட்காதீர்கள் வாப்பும்மா. கூட்டத்தோடு போங்கள், மௌலவி நல்ல மனுசன், உங்களைப் பார்த்துக்கொள்வார். என் பெயரை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பயான் கதையைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்ஹாம்

&nbsp;

கண்டக்குழி
28 ஜனவரி 2025

இப்ஹாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அதைச் சொல்லாமல் தொடங்கினால் பாவம் எனக்குத்தான் என்பதால் சொல்கிறேன்.

சுகம் விசாரிக்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

றிஸ்மினின் உம்மா வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள், "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இப்ஹாம் லீவு எடுத்து எங்கயோ போனானாமே, ஊருக்கு வந்தானெண்டுதான் றிஸ்மின் நினச்சானாம்" என்று. நான் வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டேன். லீவு இல்லை என்று அந்தப் பெருநாளைக்கு எங்களுக்குச் சொன்னாய். உன் உம்மா உனக்கென்று எடுத்து வைத்த இறைச்சியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தோம். அடுத்த வீட்டுக்காரன் அதை உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே தின்றான்.

எங்கே போனாய்? ஒரு பெண்ணைக் கட்டியிருந்தால் சொல்லு. பிலிப்பைன்காரியாக இருந்தாலும் சொல்லு, கலிமா சொல்லிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளை இருந்தால் அதையும் சொல்லு.

காரணம் கேட்காதே என்று எனக்கு எழுதுகிறாய். நாலு வயதில் உனக்குச் சூட்டுக்காய்ச்சல் வந்தபோது மன்னார்த் தெரு டிஸ்பென்சரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். இடது கால் செருப்பு வழியில் அறுந்தது. அந்த டிஸ்பென்சரிக்காரன் எனக்கு முன்னே இன்னொருத்தியை எடுத்தான். அவன் பெயரும் எனக்குத் தெரியும், அவன் மவுத்துக்கும் நான் போகவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் காரணம் கேட்கக்கூடாத காரியம் என்ன இருக்கிறது?

நீ வராவிட்டால் நான் போகமாட்டேன். இந்தக் கண் மூடும்போது உன் பெயரைச் சொல்லித்தான் மூடும்.

வாப்பும்மா

&nbsp;

தோஹா
3 மார்ச் 2025

அன்புள்ள வாப்பும்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிடிக்கிறீர்களா? சீனி வருத்தக்காரர் விட்டாலும் குற்றமில்லை என்று மார்க்கத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், எழுதிவைக்கிறேன்.

பெண் யாரும் இல்லை. துருக்கிக்குப் போனேன். தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தேன்.

பிடரியில் இருக்கும் முடியை வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முன்னால் வழுக்கை விழுந்த இடத்தில் ஓட்டை போட்டு நடுவார்கள். நம்மூரில் வெங்காயம் நடுவது போலத்தான். போனில் விளம்பரம் பார்த்தேன். டொக்டர் வந்து நெற்றியில் பேனையால் ஒரு கோடு போட்டார், தோளில் தட்டினார், போய்விட்டார். மிச்சமெல்லாம் செய்தது இளம் பொடியன்கள். ஒருத்தன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்தான்.

நட்டது முதலில் கொட்டும், பிறகு முளைக்கும் என்றார்கள். கொட்டியது. பாதிதான் முளைத்தது. தண்ணீர் படாத பாத்தி மாதிரி, ஒரு இடத்தில் கொத்தாகவும் ஒரு இடத்தில் வெறும் மண்ணாகவும் இருக்கிறது. முளைத்ததும் படியாமல் நேரே மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நெற்றிக் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல. பிடரியில் அளவுக்கு மேல் பிடுங்கிவிட்டார்கள், பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். "பன்னிரண்டு மாதம் பொறுங்கள்" என்றார்கள். இப்போது பதிலே வருவதில்லை.

அதனால்தான் தொப்பி. உங்கள் எண்ணெயும் எனக்குத்தான்.

கமறியா மாமி சொன்ன கதையை நான் மறந்திருப்பேன். வீட்டோடு கதைக்கும் ஒவ்வொரு தடவையும் அது வந்தது.

உம்றாவுக்கு வெள்ளை உடுத்து இஹ்ராம் கட்டினால் ஆம்பிளை தலையை மூடக்கூடாது. தொப்பி இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. அங்கே நம்மூர் ஆட்கள் எல்லாரும் போனோடு நிற்பார்கள். பள்ளியில் பயான் சொல்ல வேண்டியவனின் தலையை எல்லாரும் பார்ப்பார்கள். அதுதான் காரணம். கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள்
இப்ஹாம்

&nbsp;

கண்டக்குழி
7 ஏப்ரல் 2025

மகன் இப்ஹாமுக்கு ஸலாம்.

பதில் சுணங்கியது நோன்பினால் என்று வைத்துக்கொள். நோன்பு முழுவதும் பிடித்தேன். பெருநாள் வந்தது, போனது. உம்மா சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடதாசியை அலுமாரியில், என் மவுத்துக்கென்று எடுத்து வைத்த கபன் துணிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள்.

பேனையால் கோடு போட்டுவிட்டுப் போனவனின் பெயர் என்ன? எழுதி அனுப்பு. நான் அவனை ஒன்றும் செய்ய முடியாது, தெரியும். பெயர் தெரிந்தால் துஆவில் சொல்லலாம்.

பாத்தி பட்டுப்போனால் புது நாற்று வைக்கிறதில்லையா? உன் தலையில் இன்னும் எங்காவது எடுக்க முடியாதா? வேறு நல்ல டொக்டரிடம் காட்டு. எண்ணெயை விடாதே. முட்டை வெள்ளைக்கரு பூசலாம் என்று ஒருத்தி சொன்னாள், யாருக்கு என்று நான் சொல்லவில்லை.

இனி உம்றா. நான் மௌலவியிடம் போனேன். முழங்கால் ஏலாது, இந்த முறை இல்லை, இரண்டு பெயரையும் வெட்டுங்கள் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். "போன கிழமை கடைத்தெருவுக்கு நடந்து வந்தீங்களே உம்மா" என்றார். "அதனாலதான் இப்ப ஏலாது" என்றேன். பொய்க்கு நான் மறுமையில் பதில் சொல்லிக்கொள்வேன்.

வெளியே வரும்போது கமறியா நின்றாள். "என்ன மாமி, பேரன் வரல்லயாம்?" என்றாள். அவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

நன்றாகக் கேள். உன்னைத் தலை வெளிச்சவன் என்று சொன்ன வாய் அது. அந்த வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற கண் இந்தத் தலையைப் பார்ப்பதைவிட என் கண் கஃபாவைப் பார்க்காமல் இருக்கலாம். எனக்கு விளங்குகிறது நான் என்ன எழுதுகிறேன் என்று. இனி உன்னை வா என்று கேட்கமாட்டேன். தொப்பியைக் கழற்றாதே.

உன் வாப்பும்மா

&nbsp;

தோஹா
20 ஜூன் 2025

அன்புள்ள வாப்பும்மா, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். நான் சுகமாக இருக்கிறேன். இந்த முறை அதை யோசித்துத்தான் எழுதினேன்.

அவர்கள் சொன்ன பன்னிரண்டு மாதமும் முடிந்தது. இங்கே ஒரு தோல் டொக்டரிடம் போனேன், லெபனான் நாட்டுப் பெண். விளக்கை இழுத்து, கண்ணாடி வைத்து, தலை முழுவதும் பார்த்தா. அவசரப்படவில்லை. பிடரியில் இனி எடுப்பதற்கு முடி இல்லையாம். திரும்ப நட்டுத் தருகிறோம் என்று எவனாவது சொன்னால் கதிரையை விட்டு எழும்பி வந்துவிடு என்றா. முன்வரிசையில் சிலதை எடுத்து அந்தக் கோட்டைக் கொஞ்சம் குலைக்கலாம், சின்னத் தழும்பு விழும். மற்றபடி ஒட்ட வெட்டிக்கொண்டு இருப்பதுதான் வழி. முட்டை வேண்டாமாம், கேட்டேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். ஒரு வருடமாக ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடுவேன். நாளைக் காலையில் தேட வேண்டியதில்லை என்று நினைத்ததும், என்ன சொல்வது, பசித்தது. பரோட்டா சாப்பிட்டேன்.

றிஸ்மினுக்குச் சொன்னேன். அவன்தான் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டான். "மச்சான், ஒண்ட பிடரியப் பாத்தா இலங்க மெப்பு மாதிரி இருக்குடா, யாழ்ப்பாணம் மட்டும் இல்ல" என்றான். அடுத்த நாள் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போனேன். காலை முழுக்கச் சிரித்தார்கள். பின்னேரம் ஒரு நேபாளப் பொடியன் தனியே வந்து, நான் போன இடத்தின் பெயரைக் கேட்டான். அவனும் பதிந்து வைத்திருந்தானாம், அதே இடத்துக்கு. வேண்டாம் என்று காட்டத் தலையைக் குனிந்து காட்டினேன். வேறு ஒருவருக்கு நானாகக் குனிந்து காட்டியது அதுதான் முதல் தடவை.

நான் உம்றாவுக்கு வருகிறேன். கூட்டம் செப்டெம்பரில்தான் போகிறது என்று உம்மா சொன்னா. இங்கிருந்து நேரே மக்காவுக்கு வந்து உங்களோடு சேர்ந்துகொள்வேன். பெயர்களைத் திரும்பக் கொடுங்கள். கமறியா மாமி பார்த்தால் பார்க்கட்டும். உங்கள் இடது கண்ணைத் திரும்பக் காட்டினீர்களா?

உங்கள்
இப்ஹாம்

&nbsp;

கண்டக்குழி
11 ஜூலை 2025

மகன் இப்ஹாமுக்கு ஸலாம்.

சுகமாக இருக்கிறாய் என்று யோசித்து எழுதினாயாம். நல்லது. கண்ணைக் காட்டினேன். குறைந்திருக்கிறது. எழுத்துப் பெரிதாகிவிட்டது, பார்த்தாயா, கோட்டைத் தாண்டிப் போகிறது.

நீ வேலைக்குத் தொப்பி இல்லாமல் போகலாம். அங்கே நேபாளக்காரன் இருக்கிறான், கமறியா இல்லை. இவள் பார்த்தால் இவள் மட்டுமா பார்ப்பாள்? நான் ஊருக்கு வந்து சேருமுன் உன் தலை குறிஞ்சிப்பிட்டி வரைக்கும் போய்விடும். தொப்பிக்காரப் பேரன் என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம் என் முகத்துக்கே வரும்.

மௌலவியிடம் சாடையாக விசாரித்தேன். "ஒருத்தருக்குத் தலயில ஒரு வருத்தம், இஹ்ராமில மூடலாமா?" என்றேன். வருத்தம் என்றால் மூடலாம், பரிகாரமாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். கொடுப்போம், அதற்கென்ன. பிறகு என்ன வருத்தம் என்று கேட்டார். "வெக்கம்" என்று வாயில் வந்துவிட்டது. அது வருத்தத்தில் சேராது என்றார். சேராதாம். பட்டவனைக் கேட்க வேண்டும்.

ஆனால் குடை பிடிக்கலாமாம். தலையில் படாமல் பிடித்தால் குற்றமில்லை. கறுப்புக் குடை, பெரியது, ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நான் உனக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே நடப்பேன். பிடரிப் பக்கம் சரித்துப் பிடித்தால் பின்னால் வருகிறவளுக்குத் தெரியாது. கட்டடத்துக்குள்ளும் பிடிக்கலாமா என்று கேட்டேன். மௌலவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெயரைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். முழங்கால் நல்லம் என்று சொன்னேன்.

உன் வாப்பும்மா

&nbsp;

தோஹா
19 ஓகஸ்ட் 2025

அன்புள்ள வாப்பும்மா, அஸ்ஸலாமு அலைக்கும்.

விசா வந்துவிட்டது. நான் முதலே வந்து ஹோட்டல் வாசலில் நிற்பேன். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

குடை வேண்டாம்.

இப்ஹாம்

&nbsp;

கண்டக்குழி
6 ஒக்டோபர் 2025

மகன் இப்ஹாமுக்கு உன் வாப்பும்மாவின் ஸலாம்.

வந்து சேர்ந்தோம். கால் இரண்டும் வீங்கி, சீனியும் ஏறி, இப்போது இறங்கியிருக்கிறது. ஸம்ஸம் தண்ணீருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் வந்தவர்கள் எல்லாரும் வந்து போய்விட்டார்கள். உம்மா சுகம். நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது.

கஃபாவைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. பார்த்தேன். நீ என் கையைப் பிடித்திருந்தாய். அது போதும்.

உன் தலையைப் பற்றி எழுதுகிறேன். வாசலில் வெள்ளைத் துணியோடு நீ நின்றபோது எனக்கு முதலில் தெரிந்தது அந்த நெற்றிதான். மேசன் நூல் பிடித்துக் கட்டின மதில் மாதிரி. நான் உடனே சுற்றிப் பார்த்தேன், கமறியா எங்கே நிற்கிறாள் என்று. மகன், பேரனை எத்தனையோ காலத்துக்குப் பிறகு கண்டவள் நான், முதலில் அவளைத்தான் தேடினேன். அவள் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

உம்றா முடித்து நீ மொட்டை அடித்துக்கொண்டு வந்தாய். வெட்டினால் போதும் என்று மௌலவி சொன்னதும் எனக்குக் கேட்டது, நீ கேட்கவில்லை. பிடரி முழுக்க வெள்ளைப் புள்ளி, செதிள் உரித்த மீன் மாதிரி. எங்கள் கூட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் அன்றைக்கு மொட்டை. ஒவ்வொரு மண்டையாக நான் பார்த்தேன். றவூப் ஹாஜியாருக்கு உச்சியில் ஒரு பள்ளம், முட்டை வைக்கலாம். ரிஃபாஸ் மௌலவியின் மண்டை ஒரு பக்கம் சப்பை. தலைப்பாகைக்குள் இவ்வளவு காலம் வைத்திருந்திருக்கிறார்.

பிறகு சாப்பாட்டு மேசையில் நீ எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாய். கமறியா எதிரில் இருந்தாள். உன் தலையைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல ஒரு கதை நான் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் வாயைத் திறந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வட்டிலப்பத்தில் தொடங்குகிற கதை.

அவள் எழும்பி உன் பக்கத்தில் வந்தாள். கையைத் தூக்கினாள், தொடவில்லை. "இவ்வளவு எடத்திலயும் குத்தினாங்களா? எவ்வளவு வலிச்சிருக்கும் மகன்" என்று கேட்டாள். அவள் குரல் பெரிய குரல், எனக்கே கேட்டது.

நீ குனிந்து ஏதோ சொன்னாய். உன் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையாட்டினாள், உன் முதுகைத் தடவினாள், போய் இருந்தாள். நான் கட்டிக்கொண்டு போன கதை என் வாயிலேயே கிடந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது.

ஊருக்கு வந்தும் அதே யோசனை. கட்டாக் கருவாடு அனுப்பினேன், எண்ணெய் அனுப்பினேன், குடை எடுத்து வைத்தேன். பேனையால் கோடு போட்டவனின் பெயரைக்கூடக் கேட்டேன். வலித்ததா என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என்னுடையது. வட்டிலப்பத்தைத் தின்ற வாய் அதையும் எடுத்துக்கொண்டது. வட்டிலப்பத்தை மன்னித்தாலும் இதை நான் அவளுக்கு மன்னிக்கமாட்டேன்.

அவளுக்கு நீ என்ன பதில் சொன்னாய்? எனக்கு எழுது. பெரிய எழுத்தில் எழுது.

உன் வாப்பும்மா

&nbsp;

தோஹா
25 ஒக்டோபர் 2025

அன்புள்ள வாப்பும்மா, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தெரியாவிட்டால் வெயிலில் வைத்துப் படியுங்கள், யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

கமறியா மாமிக்கு நான் சொன்னது, "இல்ல மாமி, அவ்வளவு வலிக்கல்ல" என்று.

வலித்தது, வாப்பும்மா. விறைப்பு ஊசி போடும்போது நான் சத்தம் போட்டேன். வாயை மூடச் சொன்னார்கள். திரும்பி வரும் விமானத்தில் தலையைச் சாய்க்க முடியாமல் நேராக இருந்தே வந்தேன். அறையில் எல்லாரும் இருப்பதால் காய்ச்சல் என்று சொல்லி, முழங்காலில் நெற்றியை வைத்துத் தூங்கினேன். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது நட்டதெல்லாம் கையோடு வந்தது. கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள்தான். தெரிந்திருந்தும் தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

இதை நான் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்கள்
இப்ஹாம்